தண்டையார்பேட்டை ‘கூடைப்பந்து அக்கா’: மாதம் 800 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 800 ரூபாய். சேரும்போது 500 தனி. சீருடைக்கு 450. வாரத்தில் நான்கு நாள், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு பழைய அறக்கட்டளைப் பள்ளியின் சிமென்ட் மைதானம். பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. வாசலில் இருக்கும் காவலாளியிடம் ‘கூடைப்பந்து அக்கா’ என்றால் கையைக் காட்டுவார். பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை, பெண் பிள்ளைகளுக்கு மட்டும்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்று பார்க்காமல் விடுகிற பழக்கம் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அங்கே சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. என் தீர்ப்பு: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இந்த வகுப்பைப் பற்றி விசாரிக்க வருகிற பெற்றோர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், அது தப்பான கேள்வி என்பதால்தான் இதை எழுதுகிறேன். “அந்த அம்மா இந்தியாவுக்கு விளையாடியிருக்கிறாரா?”

இல்லை, விளையாடவில்லை. மாநில அணியில் ஆடியிருக்கிறார். அவர் வந்த பாதை இந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் பலர் வந்த பாதைதான்: பள்ளி அணி, பிறகு விளையாட்டு விடுதி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, அதற்குப் பிறகு ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அணி. நம் ஊரில் தொழில்முறைக் கூடைப்பந்து என்றால் பெரும்பாலும் இதுதான் அர்த்தம். காலையில் அலுவலகத்தில் கோப்பு, மாலையில் மைதானம், சம்பளம் எழுத்தர் சம்பளம். பத்மஸ்ரீ வாங்கிய அனிதா பால்துரையே தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டுதான் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். நம்முடைய அக்காவுக்கு இருபத்தேழாவது வயதில் முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் முடித்துவிட்டு வந்து, இப்போது நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி அணிக்குப் பயிற்சி தருகிறார். கல்லூரியில் தொகுப்பூதியம். அது போதாததால்தான் மாலையில் நமக்கு இந்த வகுப்பு.

இவரிடம் வருவதற்கு முன் மகளை வேறொரு முகாமில் சேர்த்திருந்தோம். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பயிற்சியாளர் பெரிய ஆட்டக்காரர். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள், கோப்பைகள். அவர் பந்தைக் கையில் எடுத்தால் நாமே வாயைப் பிளந்து பார்ப்போம். பிள்ளைகளுக்கு வரவில்லை என்றால் மட்டும் அவருக்குக் கோபம் வந்துவிடும். “இது கூட வராதா?” என்று கேட்பார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார் என்று இப்போது நினைக்கிறேன். பத்து வயதில் தானாக வந்த ஒன்று இன்னொருவருக்கு ஏன் வரவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று நல்ல பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆடினார். மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கினார்கள். கட்டணம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

அமெரிக்காவிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது. பாட்ரிக் யூயிங் நியூயார்க் நிக்ஸ் அணிக்குப் பதினைந்து பருவம் ஆடிய மலை மாதிரியான ஆட்டக்காரர். ஜார்ஜ்டவுன் கல்லூரிக்காக 1984இல் கோப்பை வென்றவர். அதே கல்லூரிக்கு 2017இல் பயிற்சியாளராக வந்தார். ஆறு ஆண்டில் 75 வெற்றி, 109 தோல்வி. 2023இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர் பல ஆண்டு துணைப் பயிற்சியாளராக இருந்து படிப்படியாக வந்தவர். ஒரு முறை அந்த வட்டாரக் கோப்பையையும் வென்றார். கிளைட் டிரெக்ஸ்லர் தாம் படித்த ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்தார். இரண்டு பருவம், 19 வெற்றி, 39 தோல்வி, போதும் என்று விலகிவிட்டார். இருவருமே ஆட்டக்காரர்களாகப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். ஆக, சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக் கட்டணம் கட்டாதீர்கள்.

இந்த மைதானத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முதல் நாள் பந்தே கிடையாது. காலுறை. எல்லாரையும் தரையில் உட்காரவைத்து, காலுறையைக் கழற்றச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் மடிப்பு இருக்கக் கூடாது. பிறகு ஷூ கயிற்றைக் கீழ்த்துளையிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து இறுக்க வேண்டும். வேலி ஓரம் நின்றிருந்த அம்மாக்கள் சிரித்தோம். 500 ரூபாய் கட்டியது காலுறை போடக் கற்றுக்கொள்ளவா? இது ஜான் வுடன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளரின் பாடம் என்று பிறகுதான் தெரிந்தது. கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு ஆண்டில் பத்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஒவ்வொரு பருவமும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பாராம். காரணம், மடிப்பு இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் பயிற்சி இல்லை. அவரும் பழைய ஆட்டக்காரர். 1930களில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே காசுக்குக் கூடைப்பந்து ஆடியவர். யூசிஎல்ஏவில் முதல் கோப்பை அவர் கைக்கு வந்தது பதினாறாவது பருவத்தில். அத்தனை ஆண்டு அவரை வைத்திருந்த நிர்வாகத்தையும் பாராட்ட வேண்டும். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கேன்வாஸ் ஷூவோடு சிமென்ட் தரையில் ஓடுகிறவர்கள். என் மகளுக்குக் கொப்புளம் வரவில்லை. பழைய முகாமில் வாரம் தவறாமல் வந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வளையம். முறையான வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர். பத்து வயதுப் பெண் அந்த உயரத்துக்குப் பந்தைத் தூக்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் வீசியாக வேண்டும்; அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பதினைந்து வயதிலும் போகாது. அக்கா என்ன செய்திருக்கிறார் என்றால், மைதானத்துச் சுற்றுச்சுவரில் இரும்புக் கம்பி அடித்து, ஆரக்கால் எடுத்த சைக்கிள் ரிம்மைக் கட்டியிருக்கிறார். 2.60 மீட்டர், குழந்தைகளுக்கான ‘மினி’ கூடைப்பந்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் அளவு. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். பழைய இரும்புக் கடையில், எடைக்கு, என்றார். கடற்காற்றில் அது துருப்பிடித்துக் கையில் செம்மண் மாதிரி ஒட்டுகிறது. சீருடை வெள்ளை நிறத்தில் இருப்பதற்கு யாரைத் திட்டுவது?

இனி, நான் நேரில் நின்று பார்த்த ஒன்று. ஓடி வந்து, பந்தைப் பிடித்து, நிற்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு காலை முன்னால் வைத்து, அப்புறம் அடுத்த காலை வைத்தால் முதலில் பட்ட கால்தான் அச்சுக்கால் ஆகிவிடும். இன்னொரு காலைத்தான் நகர்த்த முடியும். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட்டால் எந்தக் காலை வேண்டுமானாலும் அச்சாக வைத்து எந்தப் பக்கமும் திரும்பலாம். அக்கா சாக்பீஸால் தரையில் இரண்டு பாதம் வரைந்துவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டே, “அடுத்து” என்கிறார். ஒரு பெண் ஓடி வருகிறாள். தட், தட். “இரண்டு சத்தம். மறுபடி.” அடுத்தவள். தட். “சரி. போ.” அப்படியே வரிசையாக. ஒருத்தி விஷயத்தில் மட்டும் திரும்பிப் பார்த்தார். சத்தம் ஒன்றுதான், ஆனால் வலது பக்கம் கனமாக இருந்ததாம். அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னார். இடது ஷூ அண்ணனுடையது. ஒரு அளவு பெரிது, உள்ளே செய்தித்தாள் திணித்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாதான் அவளுடைய தாய். ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்தார். அக்காவும் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. மறு வாரம் அந்தப் பிள்ளை வேறு ஷூ போட்டிருந்தது. யார் வாங்கிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

இவர் பந்தைத் தொட்டு ஒரு தடவை கூட வீசிக் காட்டியதில்லை. இதுவே சில பெற்றோருக்குக் குறை. “ஏன் மேடம், நீங்கள் ஒரு முறை போட்டுக் காட்டலாமே?” என்று ஒருவர் கேட்டதற்கு, “நான் போட்டால் பிள்ளைகள் பந்து எங்கே போகிறது என்றுதான் பார்க்கும். என் காலை ஒருத்தியும் பார்க்க மாட்டாள்” என்றார். பதிலாக, போன மாதம்தான் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்வார். அவளுக்குத் தான் எப்படிச் செய்கிறோம் என்று இன்னும் நினைவிருக்கும். அதைத் தன் வார்த்தையில் சொல்லவும் தெரியும்.

இப்போது ஒரு பெரிய குறை. மழை. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை அந்த மைதானத்தில் பாதி நாள் தண்ணீர். கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையாது. வகுப்பும் ரத்தாகாது, பிள்ளைகளைப் பள்ளித் தாழ்வாரத்தில் உட்காரவைத்துக் கைப்பேசியில் பழைய ஆட்டங்களைப் போட்டுக்காட்டிப் பேசுகிறார். 800 ரூபாய்க்குக் கைப்பேசி பார்ப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாமே என்ற எரிச்சலோடு குடையை எடுத்துக்கொண்டு மகளைக் கூட்டிவரப் போனேன். போனவள் தாழ்வாரத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று பேச்சு டான் ஸ்டேலி என்ற பெண்ணைப் பற்றி.

வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்தவர். 168 சென்டிமீட்டர் உயரம். கூடைப்பந்தில் அது குள்ளம். பையன்களோடு ஆடித்தான் பழகினார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 1991 தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில், கூடுதல் நேரம் வரை போய், டென்னஸியிடம் 70-67 என்று தோற்றார். தோற்ற அணியில் இருந்தும் அந்தச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். ஆனால் 1992இல் படிப்பு முடிந்தபோது அமெரிக்காவில் பெண்கள் சம்பளத்துக்கு ஆட ஒரு லீக் கிடையாது. பிழைப்புக்கு வெளிநாட்டு அணிகளுக்குப் போனார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அதே ஆண்டு ஒரு லீக் தொடங்கினார்கள். அது 1998 டிசம்பரில் பருவத்தின் நடுவிலேயே திவாலானது. அடுத்த ஆண்டு டபிள்யூஎன்பிஏ என்ற இன்னொரு பெண்கள் லீக்கில் சார்லட் அணிக்குப் போனார். இதைச் சொன்னபோது அக்காவின் குரலில் கொஞ்சம் கசப்பு இருந்தது. வேலை நிரந்தரம் இல்லாத எவருக்கும் அந்தக் கசப்பு தெரியும்.

2000இல் டெம்பிள் பல்கலைக்கழகம், அவருடைய ஊர்க் கல்லூரிதான், பயிற்சியாளராக வரக் கூப்பிட்டது. அவருக்கு அந்த எண்ணமே இல்லை. அதற்கு முன் ஒரு நாளும் பயிற்சியாளராக இருந்ததும் இல்லை. அப்போதும் ஒப்புக்கொண்டார், ஆட்டத்தையும் விடவில்லை. கல்லூரிப் பருவம் குளிர்காலம், டபிள்யூஎன்பிஏ கோடைக்காலம். குளிரில் பக்கவாட்டில் நின்று பிள்ளைகளைக் கத்துவார், கோடையில் தானே ஓடி இன்னொரு பயிற்சியாளரிடம் திட்டு வாங்குவார். 2001இல் சார்லட் அணியோடு இறுதிப் போட்டி வரை போனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கொடியை ஏந்திப் போய், மூன்றாவது தங்கத்தோடு திரும்பினார். அப்போதும் டெம்பிளின் பயிற்சியாளர் அவர்தான். 2006இல்தான் ஆட்டத்தை நிறுத்தினார். டெம்பிளில் எட்டுப் பருவத்தில் ஆறு முறை தேசியச் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோனார்.

தாழ்வாரத்தில் அக்கா அழுத்திச் சொன்னது இந்த இரட்டை வேலையைத்தான். குளிர்காலத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கோடையில் தன் காலாலேயே சரிபார்க்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார். அதோடு ஸ்டேலி ஆடிய இடம் பாயின்ட் கார்டு. பந்தைக் கொண்டுவந்து, மற்ற நால்வரில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, பிரித்துக் கொடுக்கிற வேலை. குள்ளமாக இருந்ததால் கிடைத்த இடம், பின்னாளில் அவரைப் பயிற்சியாளராக்கிய இடமும் அதுதான் என்பது அக்காவின் கட்சி. வளையத்தடியில் நின்று உயரத்தால் சாதித்த யூயிங்குக்கு இப்படிப் பார்க்க வேண்டிய தேவை இருந்ததில்லை என்றார். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வுடன், ஸ்டேலி, யூயிங் என்று மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த குள்ளப் பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். என் மகளும் அதில் ஒருத்தி.

2008இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் போனார் ஸ்டேலி. முதல் பருவம் 10 வெற்றி, 18 தோல்வி. நம் ஊராக இருந்தால் பெற்றோர் கூட்டம் போட்டு மாற்றியிருப்போம். ஒன்பதாவது பருவத்தில், 2017இல், தேசியக் கோப்பை. பிறகு 2022. பிறகு 2024இல் ஒரு ஆட்டம் கூடத் தோற்காமல் 38-0. இறுதிப் போட்டியில் கெய்ட்லின் கிளார்க் என்ற நட்சத்திர ஆட்டக்காரி இருந்த ஐயோவா அணியை 87-75 என்று வென்றார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் ஒரு தங்கம். பணக் கணக்கு இல்லாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது: 2021இல் ஏழு ஆண்டுக்கு 2 கோடியே 24 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். அந்தக் கல்லூரியின் ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்குச் சமமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். இதைக் கேட்டதும் தாழ்வாரத்தில் ஒரு பெண், “அக்கா, உங்களுக்கு எவ்வளவு?” என்றாள். அக்கா சிரித்துவிட்டு, “உங்கள் அம்மாக்கள் கொடுப்பதுதான்” என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனவே மழைக்காலக் கட்டணத்தைப் பற்றிய என் புகாரைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி நிற்கிறது. மாதத்தில் மூன்று வாரம் மைதானம் குளமாக இருந்தால் 500 வாங்கலாம். அடுத்தது கழிவறை: ஆறு மணிக்கு மேல் பள்ளியில் பூட்டிவிடுகிறார்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் இரண்டு மணி நேரம் ஓடுகிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசியபின் இப்போது வாரத்தில் பாதி நாள் திறந்திருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரசீது தருவதில்லை. ஒரு கோடு போட்ட நோட்டில் பெயரும் மாதமும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். நான் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிக்கொடுத்தேன். அது இன்னும் அவர் பையிலேயே கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் அதிகம். மாவட்ட அணிச் சான்றிதழ் எப்போது வரும் என்று இரண்டாவது மாதமே கேட்கிறார்கள். அக்கா நேராகவே சொல்லிவிடுகிறார்: அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். வடசென்னையில் கால்பந்துக்கு வியாசர்பாடி இருக்கிறது, குத்துச்சண்டைக்குச் சந்துக்குச் சந்து கூடம் இருக்கிறது, கேரமில் உலகப் போட்டி வரை போய்த் தங்கத்தோடு வந்த காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டு புதிதில்லை. சான்றிதழுக்காக மட்டும் விளையாடுகிற பழக்கம்தான் புதிது. அந்த எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு இந்த 800 ரூபாய் வீண்.

உங்கள் பெண் ஏற்கெனவே நன்றாக ஆடுகிறாள், மாநில அளவுக்குப் போகத் தயார் என்றால் வேறு இடம் பாருங்கள். இங்கே ஒரே ஒரு முழு மைதானம், இருபதுக்கு மேல் பிள்ளைகள், விளக்கு இரண்டு கம்பத்தில்தான் எரிகிறது. ஓடத் தெரியும், பந்தைப் பார்த்தால் பயம், பள்ளி அணியில் சேர்க்க மாட்டேன் என்றார்கள் என்றால் இங்கே கொண்டுவாருங்கள். என் மகள் அப்படித்தான் வந்தாள். இப்போதும் பெரிய ஆட்டக்காரி ஆகிவிடவில்லை. ஆனால் போன பள்ளிப் போட்டியில் மூன்றாவது கால்பகுதியில் இறக்கிவிட்டார்கள். பந்து கைக்கு வந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு வீசாமல், நின்றாள், பார்த்தாள், வளையத்தடியில் சும்மா நின்றிருந்தவளுக்குக் கொடுத்தாள். இரண்டு புள்ளி அந்தப் பெண்ணின் கணக்கில் போனது.

சேர்வதற்கு மாத முதல் வாரத்தில் போனால் இடம் இருக்கிறதா என்று சொல்வார். பந்து அங்கேயே தருகிறார்கள் என்றாலும் வீட்டுக்கு ஒன்று வாங்குவதாக இருந்தால் 6ஆம் எண் வாங்குங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் 5. கடைக்காரர் 7ஐத்தான் எடுத்துக் கொடுப்பார், அது ஆண்களுக்கானது. சிமென்ட் தரைக்கு ரப்பர் பந்து போதும்; தோல் பந்து அங்கே ஒரு மாதம் தாங்காது.